சுவரில் ஆணி அடிக்கக் கூடாது

ஜனவரி 6

சாவிக்காரிக்கு,

இதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாக என் மகன் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். என் வீட்டுக்கு நான் எழுதும் கடிதம் என் கையெழுத்தில்தான் போக வேண்டும். போனில் சொல்லிவிடலாமே என்றால், போனில் பேசுவது எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதிப் பாதியை எதிரில் இருப்பவர்கள் தங்களுக்குச் சாதகமாக வைத்துக்கொள்கிறார்கள்.

விஷயம் இதுதான். வீட்டை விற்கப் போகிறோம். மார்ச் மாதம் முடிவதற்குள் நீயும் உன் மாமியாரும் காலி செய்து கொடுக்க வேண்டும். கடைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முன்னறையில் தரையோடு சேர்த்து முடுக்கி வைத்திருக்கிறாயே சாவி வெட்டும் மெஷின், அதைக் கழற்றும்போது தரை பெயர்ந்தால் பூசிக் கொடுத்துவிட்டுப் போ. பூசிய இடம் தனியாகத் தெரியக் கூடாது.

ஏன், எதற்கு என்று கேட்பாய். கேட்கிற பழக்கம் உனக்கு உண்டு. என் மகன் இங்கே ஒரு படுக்கையறை வீட்டில் இருக்கிறான். நீ இருக்கிற என் வீட்டை விற்றால் அவன் பெரிய வீடாக வாங்கலாம், அதில் எனக்கென்று ஓர் அறை இருக்கும். வயதான காலத்தில் பிள்ளையோடு இருப்பதுதான் முறை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

இன்னொன்று. முன்னறைச் சுவரில் நீ ஆணி அடித்திருப்பதாக எனக்குத் தகவல். யார் சொன்னது என்று கேட்காதே. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் ஆவியில் வெந்து நான் கட்டிய வீடு அது. அந்தச் சுவரில் நானே ஒரு காலண்டர் மாட்டியதில்லை. ஆணி உண்டா, இல்லையா? பதில் எழுது.

இப்படிக்கு,
வீட்டின் சொந்தக்காரி


ஜனவரி 12

வீட்டுக்காரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பூசிய இடம் தனியாகத் தெரியக் கூடாது என்ற வரி வந்ததும், அந்தம்மா பக்கத்தில் நின்று பேசுவது மாதிரியே இருக்கிறது என்று அவர் புடவையைச் சரி செய்துகொண்டார்.

பதிலைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். காலி செய்ய மாட்டேன்.

நீங்கள் மகன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "நான் இருக்கிற வரைக்கும் உன்னைக் கிளம்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றீர்கள். நான் கேட்காமலே சொன்னீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் மெஷினைத் தரையில் முடுக்கினேன். இப்போது கிளம்பு என்று சொல்வது வேறு யாரோ அல்ல, நீங்களேதான். அதற்கு நான் என்ன செய்ய?

வீம்புக்காக எழுதவில்லை. கடிதம் வந்த மறுநாளே பயந்துபோய் வீடு பார்க்கக் கிளம்பினேன். முதல் வீட்டில் கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது, அவருடைய அம்மா மட்டும் என்னோடு இருக்கிறார் என்றேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார்கள். பூட்டு, சாவி வேலை என்றேன். அந்த அம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப எங்க பூட்டைக்கூட திறந்துடுவீங்களா?" என்றார். சாவி தொலைந்தால் கூப்பிடுங்கள், திறந்து தருகிறேன் என்றேன். அந்த நிமிஷமே அந்த வீடு வேறு யாருக்கோ பேசி முடிந்ததாகிவிட்டது. இரண்டாவது வீட்டிலும் இதே கதைதான், அங்கே தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள்.

நீங்கள் ஒருவர்தான் எனக்கு வீடு கொடுத்தவர். எப்படிக் கொடுத்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? சாவியைத் தொலைத்துவிட்டு மழையில் நின்றீர்கள். கதவைத் திறந்ததும் முதலில் என்ன தெரியும் என்று கேட்டேன். யாருடைய கதவானாலும் அதைக் கேட்காமல் நான் பூட்டில் கை வைப்பதில்லை. "என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னையே கேட்கிறியா?" என்று எகிறினீர்கள். நான் நகரவில்லை. கடைசியில், துணி தேய்க்கும் மேசை, இடது மூலை கருகியிருக்கும் என்றீர்கள். திறந்தேன். மேசை இருந்தது, மூலை கருகியிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே, நீங்கள் மாடி அறைக்கு மாறிக்கொண்டு இந்தக் கீழ் வீட்டை வாடகைக்கு விட ஆள் தேடுவதாகச் சொன்னீர்கள். கேள்வி கேட்கிறவள்தான் வேண்டும் என்றும் சொன்னீர்கள். இப்போது நான் கேள்வி கேட்பது மட்டும் கசக்கிறது.

ஆணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்ல மாட்டேன். வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வருவதாக முதலில் சொல்லிவிட்டு வாருங்கள். முன்பெல்லாம் உங்கள் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுவீர்கள். மாமியார் குளித்துவிட்டு வெளியே வந்தால் நீங்கள் நடுவீட்டில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். அவர் அதை இன்னும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
சாவிக்காரி


ஜனவரி 25

சாவிக்காரிக்கு,

என் வீட்டுக்குள் போக நான் யாரைக் கேட்க வேண்டும்? உன் மாமியாருக்கு மறதி என்ற ஒன்றே கிடையாது என்பது எனக்கும் தெரியும். கொடிக்கயிற்றில் என் போர்வையைத் தள்ளிவிட்டுத் தன் புடவையைக் காயப்போட்டவர் அவர். அதை நானும் மறக்கவில்லை என்று சொல்.

கேட்டில் நின்று அப்படிச் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. நான் சொன்ன சொல்லை நானே மீறுவது எனக்கு மட்டும் இனிக்கிறதா? ஆனால் பெற்ற பிள்ளை கேட்கிறான். அவனுக்கு நான் ஒருத்திதான், எனக்கும் அவன் ஒருத்தன்தான். உன்னைத் தெருவில் விடச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் கெடு கொடுத்திருக்கிறேன். உனக்கு எவனும் வீடு தரவில்லை என்றால் அது அவனவன் புத்தி. அதற்கு என் மேல் ஏன் பாய்கிறாய்?

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வீடு மருந்துக்கடை மாதிரி பளபளவென்று இருக்கும். ஹாலில் எனக்கு மடக்குக் கட்டில் போட்டிருக்கிறான். காலையில் மடக்கிச் சுவரோரம் சாத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் நடக்க இடமிருக்காது. என் பெட்டி டிவி மேசைக்குக் கீழே இருக்கிறது. சமையலறைக்குள் மட்டும் போகக் கூடாது. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்ததை நான் கவனிக்கவில்லை, வீடெல்லாம் கேஸ் நாற்றம். தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து காலையிலேயே சமைத்து மூடி வைத்துவிடுகிறான். ஆறித்தான் போயிருக்கும், ஆனால் ருசியாகச் சமைப்பான்.

இதையெல்லாம் குறையாக எழுதவில்லை. நீயாக எதையும் கற்பித்துக்கொள்ளாதே. ஓர் அறை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மகன் ஒரு தரகரை ஏற்பாடு செய்திருக்கிறான். அவர் வீட்டைப் பார்க்க வரும்போது மரியாதையாகக் காட்டு. மார்ச் முடிவு என்பதில் மாற்றமில்லை.

இந்தக் கடிதத்தை நானே போய்த் தபால் பெட்டியில் போடப் போகிறேன். மகனிடம் கொடுத்தால் ஆபீஸ் போகிற அவசரத்தில் சட்டைப்பையிலேயே வைத்து மறந்துவிடுகிறான். நீ ஆணிக்குப் பதில் சொல்லவில்லை.

வீட்டின் சொந்தக்காரி


பிப்ரவரி 9

வீட்டுக்காரம்மாவுக்கு,

உங்கள் தரகர் வந்தார். மரியாதையாகக் காட்டச் சொன்னீர்கள், காட்டியாகிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு, பெண்கள் விடுதி ஒன்றில் அலமாரிப் பூட்டுகளைப் பழுது பார்க்கப் போயிருந்தேன். போன் வந்தது. ஒரு வீட்டின் கதவுக்குப் பூட்டு மாற்ற வேண்டும், புதுப் பூட்டு கையிலேயே இருக்கிறது, மெக்கானிக்கை உடனே அனுப்ப முடியுமா என்று ஒருவர் கேட்டார். விலாசம் சொன்னார். நம் வீட்டு விலாசம்.

என் நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "இங்கேயே ஷட்டர்ல பெருசா எழுதியிருக்கே" என்றார். ஷட்டர் என்றால் ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் விளம்பரம் எழுதிவைக்கிற இடம் என்று நினைத்திருக்கிறார் மனிதர். அது என் கடை, அதற்குப் பின்னால்தான் என் வீடு என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. பெண் குரல் கேட்டதால் நான் மெக்கானிக்கின் மனைவி என்றும் முடிவு செய்துவிட்டார். இதோ வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் புதுப் பூட்டோடு நின்றார். என் கையிலிருந்த கருவிப் பையைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் மெக்கானிக்கைத் தேடினார். நான்தான் என்றேன். இங்கே குடியிருந்தவர்கள் வாடகை கொடுக்காமல் ஓடிவிட்டார்கள், வீட்டுக்காரர்தான் பூட்டை மாற்றச் சொன்னார் என்றார். வாடகை கொடுக்காமல் என்று அவர் சொன்னதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு மாதமாவது நான் தாமதித்தது உண்டா?

ஆனால் கோபத்தைக் காட்டவில்லை. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கதவைத் திறந்ததும் முதலில் என்ன தெரியும்?

"ஒண்ணும் தெரியாதும்மா. காலி வீடு" என்றார்.

திறந்தேன். கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, நடுவீட்டில் மாமியார் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வாசலில் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே, அது நான்தான்" என்றார். தரகர் இரண்டு படி பின்னால் இறங்கினார்.

ஆனாலும் கூப்பிட்ட வேலையை முடிக்காமல் நான் விடுவதில்லை. இந்த வீட்டில் குடியிருப்பவள் நான், எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்த புதுப் பூட்டை அவர் கண்ணெதிரிலேயே மாட்டினேன். நல்ல பூட்டு, மலிவானது இல்லை. சாவிகள் எல்லாவற்றையும் என் பையில் போட்டுக்கொண்டேன். கூலியையும் கேட்டு வாங்கினேன். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே உங்கள் பழைய சாவி இனி இந்தக் கதவுக்குச் சேராது. தெரிவித்துக்கொள்கிறேன்.

சிரித்துக்கொண்டேதான் எழுத ஆரம்பித்தேன். இப்போது சிரிப்பு இல்லை. நான் வேலை முடிந்து வந்து, என் வீட்டு வாசலில் வேறு பூட்டைப் பார்த்திருந்தால்? மாமியாரை வெளியே உட்கார வைத்திருந்தால்? உங்களுக்குத் தெரிந்துதான் அவர் வந்தாரா? வேறு எதற்கும் பதில் வேண்டாம். அதை மட்டும் எழுதுங்கள்.

சாவிக்காரி


பிப்ரவரி 27

சாவிக்காரிக்கு,

எனக்குத் தெரியாது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் பிரிக்கப்பட்டுத்தான் என் கைக்கு வந்தது. மகன் படித்துவிட்டான். நான் என் கையால் மார்ச் வரை கெடு எழுதிக் கொடுத்த பிறகு, என் பேரைச் சொல்லிப் பூட்டை மாற்ற ஆள் அனுப்பியிருக்கிறான். கேட்டேன். அதெல்லாம் அப்படித்தான் செய்ய வேண்டும் அம்மா, உங்களுக்குப் புரியாது என்றான். சலவைக்கூடத்தில் ஒரு பட்டாளத்தையே வேலை வாங்கியவளிடம் சொல்கிறான். நீ வாடகை கொடுக்கவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வாயிலிருந்து அப்படி ஒரு பொய் வராது.

பென்சிலில் எழுதுகிறேன் என்று பார்க்கிறாயா? பேனாவில் மை தீர்ந்துவிட்டது, போய் வாங்க வழியில்லை. என்னை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது.

போன கடிதத்தை நானே போய்ப் போட்டேன் அல்லவா, அதிலிருந்துதான் ஆரம்பித்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா. வெயில் இதமாக இருந்ததால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் மகன் எதற்கோ வீட்டுக்கு வந்திருக்கிறான். கதவு சும்மா சாத்தியிருக்கிறது, அம்மாவைக் காணோம். தெருத்தெருவாக ஓடியிருக்கிறான். என்னைக் கண்டதும் அவன் முகம் வெளுத்திருந்தது. மறுநாளிலிருந்து ஆபீஸ் போகும்போது வெளியிலிருந்து பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறான். என் நல்லதுக்கு என்கிறான். அவன் கெட்டவன் இல்லை. மாத்திரையை எடுத்து வைத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் பூட்டுகிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் கத்தியிருப்பேன்.

வீட்டு விற்பனைக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதம் கொண்டுவந்து வைத்திருக்கிறான். போடவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை என்றேன். மறுநாள் புதுக் கண்ணாடியே வாங்கி வந்துவிட்டான். கை நடுங்குகிறது என்றேன். தினமும் சாயங்காலம் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எத்தனை நாள் இப்படி ஓட்டுவேன்?

இந்தக் கட்டடத்தில் படிக்கட்டு கூட்டுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். கதவில் தபால் போடும் துவாரம் வழியாகத்தான் எங்களுக்குள் பேச்சு. இந்தக் கடிதத்தை அவள்தான் போடுவாள். பின்பக்கம் எழுதியிருப்பது அவளுடைய விலாசம், பதிலை அதற்கு அனுப்பு. எப்படியும் என்னிடம் சேர்த்துவிடுவாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுக்காரியாகக் கேட்கவில்லை. பூட்டுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்கிறேன். கதவின் உள்பக்கம் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு குமிழ். மகன் பூட்டிவிட்டுப் போனால் அந்தக் குமிழ் அசைவதில்லை. பெட்டியிலிருந்து ஒரு நாக்கு நீண்டு, நிலையில் இருக்கிற சின்ன இரும்புக் கூட்டுக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. கதவு உள்பக்கமாகத் திறப்பது. இதைத் திறக்க வழி உண்டா?

ஆணி பற்றி இப்போதும் பதில் சொல்லாமல் விட்டுவிடாதே.

வீட்டுக்காரி


மார்ச் 5

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். வந்த கோபத்தில் வெட்டிக்கொண்டிருந்த சாவி பாழாகிவிட்டது.

உள்ளே ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து பூட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. மனைவியைப் பூட்ட வந்தவர்கள், வேலைக்காரப் பெண்ணைப் பூட்ட வந்தவர்கள். எல்லோரும் நல்லதுக்கு என்றுதான் சொன்னார்கள். ஒருவருக்கும் செய்து கொடுத்ததில்லை. ஒரு நெருப்பு பிடித்தால் என்ன செய்வீர்கள்? நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? உங்கள் மகனுக்குப் பாசம் இருக்கலாம். பாசம் இருக்கிறவர் சாவியில் ஒன்றை அம்மா கையில் கொடுக்கட்டும்.

திறக்க வழி உண்டா என்று கேட்டீர்கள். நிச்சயம் உண்டு. பூட்டுச் செய்கிறவர்கள் திருகாணிகளை எப்போதும் உள்பக்கமாகத்தான் வைப்பார்கள். வெளியே வைத்தால் திருடன் கழற்றிவிடுவான். அதனால் உள்ளே இருக்கிறவர் நினைத்தால் எந்த நேரமும் கழற்றலாம். பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், அது கனம். நிலையில் இருக்கிறதே அந்தச் சின்னக் கூடு, அதன் திருகாணிகளை மட்டும் எடுங்கள். திருப்புளி இல்லாவிட்டால் முனை மழுங்கிய கத்தி போதும். இடதுபக்கமாகத் திருப்புங்கள். பழைய பெயின்ட் அடைத்திருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள். கூடு கையோடு வந்துவிடும், கதவும் வந்துவிடும். முடியாவிட்டால் ஒரு வரி எழுதுங்கள், பையை எடுத்துக்கொண்டு நானே வந்துவிடுகிறேன். உங்கள் மகன் எதிரில் வைத்தே திறக்கிறேன்.

காகிதத்தில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். எனக்காகப் போடாமல் இருக்க வேண்டாம். வீடு உங்களுடையது. நீங்கள் விற்றாலும் நான் கிளம்ப மாட்டேன், வாங்குகிறவரோடு சண்டை போடுவேன், அது வேறு விஷயம். மகனோடுதான் இருக்கப் பிடித்திருக்கிறது என்றால் அங்கேயே இருங்கள். ஆனால் கையில் சாவியோடு இருங்கள்.

கடைசியாக ஒன்று. கேட்காமல் நான் எந்தக் கதவையும் திறந்து கொடுப்பதில்லை, உங்களுக்கும் அதே சட்டம்தான். நீங்கள் இருக்கிற கதவைப் பற்றிக் கேட்கவில்லை. அதைத் திறந்துகொண்டு எந்தக் கதவுக்குப் போகப் போகிறீர்கள்? அதைத் திறந்ததும் முதலில் என்ன தெரியும்?

சாவிக்காரி

ஆணி பற்றி: சொல்ல மாட்டேன்.


மார்ச் 15

சாவிக்காரிக்கு,

கழற்றிவிட்டேன்.

ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கத்தியால்தான். நீ எழுதிய மாதிரியே பெயின்ட் அடைத்திருந்தது, சுரண்டினேன். முதல் திருகாணி அசையவே இல்லை. புடவைத் தலைப்பைக் கத்தியின் பிடியில் சுற்றிக்கொண்டு, சலவைக்கூடத்து வால்வைத் திருகுகிற மாதிரி உடம்பைக் கொடுத்துத் திருகினேன். அது இளகியதும் மற்றவை சண்டை போடவில்லை. கூட்டையும் திருகாணிகளையும் ஒரு சாஸரில் போட்டு மேசை மேல் வைத்தேன். கதவை இழுத்தேன். வந்துவிட்டது. வெளியே படிக்கட்டுதான் இருந்தது, ஆனால் என்ன காற்று.

நான் ஓடிப்போகவில்லை. ஆளில்லாத வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பெட்டியில் துணியை எடுத்து வைத்தேன், நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டேன், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு மகன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டுப் பெண் வெளியே வந்தாள். நான் இங்கே வந்து இவ்வளவு காலத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்த வீட்டில் இருப்பவர் தனி ஆள் என்றுதான் நினைத்தேன் என்றாள்.

மகன் வந்தான். திறந்த கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"யாரும்மா கதவைத் திறந்தது?"

"நான்தான். இந்தா, இதை மறுபடியும் மாட்டிக்கோ" என்று சாஸரைக் கொடுத்தேன்.

பெட்டியைப் பார்த்துவிட்டு, எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டான். வீட்டுக்கு என்றேன்.

"அங்க வாடகைக்கு ஆள் இருக்காங்கம்மா."

"தெரியும். கேட்டுட்டுதான் போவேன்."

கொஞ்ச நேரம் திருகாணிகளைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு உங்களைக் காணாமல் எனக்கு உயிரே போய்விட்டது என்றான். அழுதான். எனக்கும் அழுகை வந்தது, நானும் அழுதேன். ஆனால் விற்பனைக் காகிதத்தை எடுத்து, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த ஜென்மத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பெரிய வீடு வேண்டுமென்றால் நீ சம்பாதித்து வாங்கு, நான் அப்படித்தான் கட்டினேன் என்றேன். அவனுக்குக் கோபம். இருக்கட்டும். மாதம் ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வந்தால் சூடாகச் சமைத்துப் போடுவேன். தரகருக்கு இனி வேலையில்லை என்று அவனையே போன் போட்டுச் சொல்ல வைத்தேன். இப்போதெல்லாம் பூட்டுவதில்லை.

அப்படியும் நான் கிளம்பவில்லை, உன் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறேன். வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் சொந்தக்காரியானாலும் கேட்காமல் நுழையக் கூடாது. இதை உள்ளே அடைபட்டுக் கிடந்து தெரிந்துகொண்டேன். ஆகவே கேட்கிறேன். மாடி அறையில் இனித் தனியாகக் கிடக்க எனக்கு மனமில்லை. கீழே பின்னறையில் உன் மாமியாரின் கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் என் கட்டிலுக்கு இடம் இருக்குமா? அவரிடமே கேள். கொடிக்கயிற்றில் பாதி எனக்குப் போதும். பாதியை நடுவிலிருந்து அளக்க வேண்டும் என்றும் சொல். அந்த அறைக்கான வாடகையை உன் வாடகையில் கழித்துக்கொள்.

உன் கேள்விக்கு வருகிறேன். இங்கே சுற்றிலும் பார்த்தேன். கதவைத் திறந்ததும் தெரிகிற பொருளில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. அங்கே திறந்தால் முதலில் துணி தேய்க்கும் மேசை. இடது மூலை கருகியிருக்கும், அது நான் தூங்கிவிழுந்து சுட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் உன் மெஷின், சுற்றிலும் பித்தளைத் தூள். அதைப் பெருக்காமல் உன் மாமியாரிடம் திட்டு வாங்குவாய். அவர் நடுவில் உட்கார்ந்து எதையாவது உரித்துக்கொண்டிருப்பார். யார் வந்தாலும் முதலில் பாதத்தைத்தான் பார்ப்பார், செருப்போடு வருகிறார்களா என்று. வலதுபக்கம் முன்னறைச் சுவர். வெறும் சுவர். ஆணி இருக்காது. இத்தனை தரம் கேட்டும் நீ இருக்கிறது என்று சொல்லவில்லை, அதனால் இல்லை என்றே முடிவு செய்திருக்கிறேன். உன்மேல் எனக்கு அந்த நம்பிக்கை உண்டு.

பழைய சாவியைக் குப்பையில் போட்டுவிட்டேன். பதில் எழுது.

இப்படிக்கு,
இடம் கேட்பவள்


மார்ச் 19

அம்மாவுக்கு,

உங்கள் பதிலைச் சரிபார்த்தோம். மாமியார் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் வாசலில் நின்று பார்த்தேன். மேசை சரி, கருகிய மூலை சரி, மெஷின், பித்தளைத் தூள் சரி. பாதத்தைப் பார்ப்பதைப் பற்றி எழுதியதற்கு அவருக்கு உங்கள்மேல் கோபம், ஆனால் அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய கட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்து தள்ளிப் போட்டாகிவிட்டது. ஜன்னல் பக்கம் உங்களுக்கு. ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் மறுபடியும் இழுத்துப் போட்டுவிடுவார். கொடிக்கயிற்றின் நடுவில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்.

ஒன்று மட்டும் தப்பு. ஆணி இருக்கிறது.

முன்னறையில் வாசலுக்கு வலதுபக்கம், என் தோள் உயரத்தில் அடித்திருக்கிறேன். சாமி படத்துக்கோ காலண்டருக்கோ இல்லை. ஊரார் சாவியெல்லாம் கிடந்து புரளுகிற வீட்டில் என் வீட்டுச் சாவியைத் தேடித் தேடி அலுத்துப்போய்த்தான் அடித்தேன். இப்போது அதில் இரண்டு சாவி தொங்குகிறது, ஒன்று என்னுடையது, ஒன்று மாமியாருடையது. புதுப் பூட்டுக்கு மூன்றாவதாக ஒன்று வெட்டி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பிசிறு தேய்த்துவிட்டேன், கையில் குத்தாது.

ஆணியைப் பிடுங்கச் சொன்னால் பிடுங்க மாட்டேன். கதவைத் தட்ட வேண்டாம், திறந்துகொண்டு வாருங்கள். வந்ததும் உங்கள் சாவியை அதில்தான் மாட்ட வேண்டும்.

சாவிக்காரி